ஏழு வருஷம் காலி

அன்று ஏஜென்சியில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

ஒன்று, மேடம். கன்னடக்காரர். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி அவருடையது. பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியில் ஒரே அறை. இரண்டு, ஸ்டெல்லா. எங்களுக்கு பயோடேட்டா டைப் அடிக்கிறவள். மூன்று, கோலாரிலிருந்து வந்த ஒரு அம்மா. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கேட்டு வந்தவர், உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். நான்கு, நான். ஐந்தாவது, அவள்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. அவளுக்குப் பிடிக்காது.

முதலில் என்னுடையதை ஸ்டெல்லா அடித்தாள். நான் சமையல்காரி. பதினான்கு வருஷம், ஒன்பது வீடு. வீட்டுக்காரர் பெயர், ஏரியா, போன் நம்பர் எல்லாம் மனப்பாடமாகச் சொன்னேன். ஒரு பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போனது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்து அவள்.

"கடைசியா எங்க வேல செஞ்சீங்க?"

"ஒரு வீட்ல."

"எந்த வீடு?"

"ஒரு வீடும்மா. சமையல்."

"பேரு சொல்லுங்கக்கா, அடிக்கணும்ல."

"சொல்லக்கூடாது. கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கேன். அந்த வீட்டு விஷயத்த வெளிய பேச மாட்டேன்னு."

"எத்தன வருஷம் இருந்தீங்க?"

"ஏழு."

ஸ்டெல்லா மேடத்தைப் பார்த்தாள். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏழு வர்ஷம் காலி விட்டா எப்பிடிம்மா? ஜெயில்ல இருந்தேன்னு நெனப்பாங்க."

"நெனச்சுக்கட்டும் மேடம்."

ஸ்டெல்லா ஏழு வருஷத்தையும் அடித்து, பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். கோலார் அம்மா கண் விழித்து அவளையே பார்த்தார். "யாரு வீடா இருக்கும்?" என்று என் காதில் கேட்டார். என் ஒன்பது வீட்டையும் சொல்லும்போது தூங்கினவர் அவர்.

அன்று பிடித்தது எனக்கு இந்த வயிற்றெரிச்சல்.

*

அவள் என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். அல்சூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பஸ்ஸில் சேர்ந்து போவோம், வருவோம். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மனசுக்குள் அப்படி இல்லை.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மூடியை ஒரு பக்கம் மறைப்பாக நிறுத்தி வைப்பாள். உள்ளே என்ன என்று தெரியாது. என்ன குழம்பு அக்கா என்றால், "சாப்பாடுதான்" என்பாள். யாராவது வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய், கழுவின டம்ளரையே மறுபடி கழுவுவாள். இழுத்துப் பிடித்துக் கேட்டால் ஒன்று சொல்வாள். "சமைக்கறது கைதானே? வாய் எதுக்கு?"

அதைக் கேட்டால் எனக்கு எரியும். நான் பேசுகிறவள். பேசிக்கொண்டே சமைத்தால்தான் எனக்குப் பதம் வரும்.

*

ஏஜென்சியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்கு இரண்டு பேரை அனுப்புவார்கள். டிரையல் என்று பெயர். வீட்டுக்காரர் சாப்பிட்டுப் பார்த்து ஒருத்தியை வைத்துக்கொள்வார். அந்த வாரமே வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மெண்டுக்கு எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார் மேடம். பதினோராவது மாடி. ஆளுக்கு இரண்டு அடுப்பு.

வீட்டுக்காரம்மா கோயம்புத்தூர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சமையலறை வாசலில் நின்று, "இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

நான் ஆரம்பித்தேன். ஒரு வீட்டில் மாமியார் ஃபிரிட்ஜுக்குப் பூட்டு போட்டு சாவியை இடுப்பில் சொருகியிருப்பார். இன்னொரு வீட்டில் ஐயாவுக்குச் சர்க்கரை. ஆபீஸ் பைக்குள் மைசூர்பாகு ஒளித்து வைப்பார். அந்தம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். வேலை எனக்குத்தான் என்று நினைத்தேன்.

அவளிடம் கேட்டார். அவள், "கடுகு எங்கம்மா இருக்கு?" என்றாள்.

"இல்லீங்க, எங்க வேல செஞ்சீங்கன்னு கேட்டேன்."

"சொல்லக்கூடாதும்மா. கையெழுத்து போட்டிருக்கேன்."

அந்தம்மா சிரிப்பை நிறுத்தினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலி இழுத்துப் போட்டு, "நீங்க உக்காருங்க, கடுகு நான் எடுத்துத் தரேன்" என்றார்.

என் சாம்பார் நன்றாக இருந்தது. அவள் சப்பாத்தி ஓரம் காய்ந்திருந்தது. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. அந்தம்மாவே சொன்னார். போகும்போது என்னை லிஃப்ட் வரைக்கும் வந்து விட்டார்.

"உங்க கைப்பக்குவம்தாங்க நல்லாருக்கு. ஆனா இங்க நடக்கறது நாளைக்கு இன்னொரு வீட்டு அடுப்பங்கரையில கதையாயிருமில்லீங்க?"

பதினோரு மாடியும் கீழே வரும்வரை லிஃப்டில் கண்ணாடி. என் முகத்தை நானே பார்த்துக்கொண்டு வந்தேன்.

*

அவள் கதையைத் தெருவில் சொன்னது நான்தான். கேலியாகச் சொன்னேன். ஏழு வருஷம் எங்க இருந்தாளோ, என்ன பண்ணினாளோ, யாருக்குத் தெரியும் என்று. கேலியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கையெழுத்து வாங்குற அளவுக்குப் பெரிய வீடு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சினிமாக்காரர் என்றாள் ஒருத்தி. மந்திரி என்றாள் ஒருத்தி. கிரிக்கெட் ஆடுகிறவர் என்று ஒருவன் பந்தயமே கட்டினான். அவள் எதற்கும் ஆமாம் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஒரு நிச்சயதார்த்தம். ஐம்பது பேருக்குச் சமையல். நான் பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மா கரண்டியில் சாம்பாரை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி அவளிடம் போனாள்.

"அக்கா, ஒரு வாய் பாத்துச் சொல்லுங்க. பெரிய எடத்துல புழங்கின நாக்கு."

அவள் உள்ளங்கையில் வாங்கி நக்கினாள். "நல்லா இருக்கு" என்றாள்.

பெண்ணின் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டியா? பெரிய வீட்டு அக்காவே சொல்லிட்டாங்க!" என்று எனக்கே சொல்லிக் காட்டினாள்.

சாம்பாரில் உப்பு இல்லை. கொதிக்கிற வாசனையிலேயே எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். அதைக்கூட அவள் சொல்லவில்லை. பந்தியில் ஐம்பது பேரும் உப்பு கேட்டார்கள். அப்போதும் அவளைக் குறை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பெரிய வீடுகளில் உப்பு கம்மியாகத்தான் தின்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

*

ஒரே ஒரு தடவை வாய் தவறினாள்.

பஸ்ஸில் முன் சீட்டில் ஒருத்தி வறுத்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். வாசனை வந்தது. என் பக்கத்தில் இருந்த அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அவருக்கு வேர்க்கடலை ஆகாது. தொண்டை வீங்கிடும்" என்றாள்.

யாருக்கு அக்கா என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அல்சூர் வரும்வரை கையை எடுக்கவில்லை. பஸ்ஸில் தாலிச் சரட்டைத் தொலைத்தவள் மாதிரி இறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் பால் வாங்கும் நேரத்துக்கு என் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"நேத்து ஒண்ணு சொன்னேனே."

"என்னக்கா?"

"அது. அத மறந்துடு."

"மறந்துட்டேன்."

மறக்கவில்லை. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நாலு நாள் துடித்தேன். என்ன சொல்வது? யாரோ ஒருத்தருக்கு வேர்க்கடலை ஆகாது. இதை யார் கேட்பார்கள்? அதனால் சொல்லவில்லை. அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

*

இரண்டு வருஷம் போனது. கோயம்புத்தூர் அம்மா குடும்பத்தோடு வெளிநாடு போனார். அவளுக்கு வேலை போனது. எனக்கும் அப்போது வேலை இல்லை. மறுபடியும் அதே பெஞ்சு.

மேடத்திடம் ஒரு இடம் வந்திருந்தது. ஒரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸ், வைட்ஃபீல்டில். பெர்மனெண்ட் வேலை. பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. கார்டு உண்டு. எங்கள் வேலையில் இதெல்லாம் கேள்விப்படுவதோடு சரி. அவளுக்கு அந்தக் கார்டு வேண்டும். அவள் புருஷன் பெயிண்ட் அடிக்கிறவர். அதற்கு ஆறு மாதம் முன்பு சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தது. படுக்கையில் கிடந்தார். கார்டு இருந்தால் ஆபரேஷன் நடக்கும். இதையும் அவள் சொல்லவில்லை. தெருவில் தெரியும்.

"கம்பெனிக்காரங்க எட்டு வர்ஷ அனுபவம் கேட்டிருக்காங்க" என்றார் மேடம். "எல்லா எடமும் பேரோட இருக்கணும். காலி இருந்தா பேப்பர திருப்பி அனுப்பிடுவாங்க." அவளைப் பார்த்துச் சொன்னார். "உன்ன அனுப்பத்தான் எனக்கு இஷ்டம். ரெண்டு வர்ஷத்துல உன் மேல ஒரு கம்ப்ளெயிண்ட் இல்ல. அந்த ஏழு வர்ஷத்துக்கு ஒரு பேர் குடு, முடிஞ்சுபோச்சு. இல்லேன்னா இவளத்தான் அனுப்பணும்."

இவள் என்றது என்னை.

"சொல்லக்கூடாது மேடம்."

"அந்த அக்ரிமெண்ட்ட கொண்டு வா, நான் படிச்சுப் பாக்கறேன். உண்மையிலேயே அப்பிடித்தான் இருக்கான்னு."

"அதுலயே பேர் இருக்கே மேடம்."

மேடம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஸ்டெல்லா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்னதும் சரிதான். பேரைச் சொல்லக்கூடாது என்று எழுதின காகிதத்தில் பேர் இருக்கிறது. அதை யாரிடம் காட்டுவது? அவளுக்கோ எழுதப் படிக்க வராது. கையெழுத்து மட்டும் போடுவாள். ஒன்பது வருஷமாக அதை அரிசி டப்பாவில் பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கினவர்கள் வாயால் சொன்னது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"வெள்ளிக்கிழம வரைக்கும் டைம்" என்றார் மேடம்.

*

புதன்கிழமை சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். அன்று உள்ளே வந்தாள். கை கழுவ வேண்டும் என்றாள். கழுவித் துடைத்துவிட்டு, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து கவரை எடுத்தாள்.

இங்கிலீஷில் இரண்டு பக்கம். வீட்டுக்காரர் பெயர் வரும் இடமெல்லாம் தினசரி காலண்டர் தாளைக் கிழித்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தாள். நாலு இடம். அந்தப் பெயர் பார்க்க எப்படி இருக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். ஏழு வருஷம் அந்த வீட்டு வாசலில் பார்த்த எழுத்து.

"உன் பொண்ணு காலேஜ் படிக்குதே. பேரு போடலாமா, கூடாதா. அத மட்டும் பாத்துச் சொல்லச் சொல்லு. மத்தத படிக்க வேணாம். ஒட்டினத எடுக்க வேணாம்."

"என்கிட்ட ஏன் அக்கா?"

"நீ வேர்க்கடலைய யார்கிட்டயும் சொல்லலியே."

நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டாள்.

என் மகள் ஆறு மணிக்கு வருவாள். அதற்கு அரை மணி இருந்தது. இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். ஆவி வந்ததும் காகிதத்தை மேலே பிடித்தேன். சோற்றுப் பசை சீக்கிரம் விடும். சமைக்கிறவளுக்கு இது தெரியாதா? ஒவ்வொரு துண்டாக உரித்து முறத்தில் போட்டேன்.

மகள் வந்து பார்த்து, "என்னம்மா பண்ற?" என்றாள். "படி" என்றேன். படித்தாள்.

பெயர் ஒன்றும் பெரிய பெயர் இல்லை. நான் கேள்விப்படாத பெயர். மகள் போனில் தேடிப் பார்த்தாள். ஏதோ பம்பு செய்கிற கம்பெனி முதலாளி. சினிமா இல்லை, மந்திரி இல்லை. இரண்டு வருஷமாக நான் வயிறு எரிந்தது இந்த மனுஷனுக்காகத்தான். எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அந்த வேர்க்கடலை மட்டும்.

"அம்மா, பேரு போடலாம்மா" என்றாள் மகள். "தெளிவா இருக்கு. யார்கிட்ட வேல செஞ்சாங்க, எத்தன வருஷம், என்ன வேல, இதெல்லாம் பயோடேட்டால போடலாம். வீட்டுக்குள்ள பாத்தது, கேட்டது, அதத்தான் வெளிய சொல்லக்கூடாது. பாரு, இந்த எடம்." விரல் வைத்துக் காட்டினாள். "பாவம்மா. இத்தன வருஷம் சும்மாவே பயந்துருக்காங்க. ஒடனே சொல்லிடு."

"சொல்றேன்" என்றேன்.

எனக்கு அந்த வேலை வேண்டும். ஆனால் அதைவிட, அது அவளுக்குப் போகக்கூடாது என்பது பெரிதாக இருந்தது. அந்தச் சப்பாத்தி, அந்தக் கடுகு, அந்தக் கரண்டிச் சாம்பார். எல்லாம் தொண்டையில் நின்றது.

*

வெள்ளிக்கிழமை ஏஜென்சியில் மேடம் கடைசியாக ஒரு தடவை கேட்டார். "அந்தக் காகிதத்த யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொன்னியா இல்லியா?"

அதே பெஞ்சில், அவளுக்கு ஒரு முழம் தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன்.

"இல்ல மேடம்" என்றாள்.

என் பக்கம் திரும்பவில்லை. மேடம் என் பேப்பரை எடுத்து உறையில் போட்டார்.

வேலை எனக்குக் கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். அப்போது பஸ், இப்போது மெட்ரோ. கார்டு இருக்கிறது. போன வருஷம் கண்ணில் புரை எடுத்தது அந்தக் கார்டில்தான். அந்தக் கண்ணால்தான் இதை எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த அன்று கெஸ்ட் ஹவுஸ்காரர்களும் என்னிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை.

மகள் ஒரு மாதம் கழித்துக் கேட்டாள். "அந்த அத்தை பேரு போட்டாங்களா?" போட்டுவிட்டாள், வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டது என்றேன். மகளுக்குச் சந்தோஷம்.

அவள் ஒரு ஹாஸ்டலில் இட்லி ஊற்றப் போனாள். கார்டு கிடையாது. புருஷன் எழுந்திருக்கவே இல்லை. பிறகு ஓசூர் பக்கம் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். அதுவரை இரண்டு தெருவுக்குள் எத்தனையோ தடவை எதிரே பார்த்திருக்கிறேன். "நல்லா இருக்கியா?" என்பாள். "இருக்கேன்க்கா" என்பேன். தெருவில் ஒருத்தரும் என்னை வேறு மாதிரி பார்க்கவில்லை. மேடமும் பார்க்கவில்லை. அவள் யாரிடமும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

என்ன தெரியும் அவளுக்கு என்று நான் எனக்கே சொல்லிக்கொள்வது உண்டு. படிக்கத் தெரியாதவள். அப்படிச் சொல்லிக்கொண்டால் அன்றைக்குத் தூக்கம் வரும். ஆனால் வியாழக்கிழமையைத் தாண்டி வந்துவிட்டேன். அதைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவள் வருவதற்கு முன்னால் துண்டுகளை எடுத்து, புதுச் சோறு வைத்து ஒட்டினேன். அவசரம். ஜன்னல் திறந்திருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. காகிதம் ஆவி பட்டு ஓரத்தில் சுருங்கியிருந்தது. கையால் தேய்த்துத் தேய்த்துக் கவருக்குள் போட்டேன்.

வந்தாள். கை கழுவினாள். துடைத்தாள்.

"என்ன போட்டிருக்கு?"

"கூடாதுன்னுதான் போட்டிருக்குக்கா. பேரும் சொல்லக்கூடாதாம்."

"பொண்ணு நல்லாப் பாத்துச்சா?"

"நல்லாப் பாத்துச்சு."

தலையை ஆட்டினாள். கவரைத் திறந்து காகிதத்தை வெளியே எடுத்தாள். தரையில் உட்கார்ந்து மடியில் விரித்துக்கொண்டாள். ஒட்டின இடத்தில் ஒவ்வொன்றாக விரல் வைத்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முதல் பக்கத்தில் ஒன்று. அதற்குக் கீழே இன்னொன்று. பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள். அங்கிருந்து கடைசி வரைக்கும் விரலை நகர்த்திக்கொண்டு போனாள். கடைசியில் கையெழுத்துக்கு மேலே, ஒன்றும் ஒட்டாமல் வெறுமனே இருந்த எழுத்தின் மேல் விரல் நின்றது.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

மூன்று.